திறக்காத கதவுக்கு எத்தனை மார்க்

கண்ணா,

சாப்பிட்டு முடித்துவிட்டுப் படி. அப்பாவிடம் கொடுத்தனுப்பியிருக்கும் தூக்கில் மோர்க்குழம்பு இருக்கிறது, அதை முதலில் ஃபிரிட்ஜில் வை. தாம்பரத்திலிருந்து நாவலூருக்கு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிற மனுஷருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடு. "ஒரு லெட்டரக் கொடுக்க நான் எதுக்குப் போகணும், போன்ல சொன்னா ஆகாதா?" என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். போனில் சொல்ல நான் முயற்சி செய்யவில்லையா? நேற்று மூன்று முறை கூப்பிட்டேன். இரண்டு முறை "மீட்டிங்ல இருக்கேம்மா". மூன்றாவது முறை நான் "உன் ரிப்போர்ட் விஷயமா" என்று ஆரம்பித்ததுமே, "அதெல்லாம் முடிஞ்சிருச்சும்மா, நீ ஒண்ணும் கவலப்படாத" என்று வைத்துவிட்டாய். முடிந்துவிட்டது என்று நீ சொன்னதில்தான் என் கவலை இரண்டு மடங்காயிற்று. காகிதம் என்றால் நீ பாதியில் கட் பண்ண முடியாது. புதன்கிழமை சாயங்காலம் புனேவுக்கு விமானம் ஏறுவதற்குள் இதைக் கடைசிவரை படித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து எனக்குக் காட்டினாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஒரு பெரிய வாகன உதிரிபாகக் கம்பெனி. அவர்களுடைய ஆராய்ச்சிப் பிரிவில் எந்தக் குழு பிரயோஜனமாக இருக்கிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது. முப்பத்து மூன்று வயதில் இவ்வளவு பெரிய வேலை. பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். பதினோரு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. கடைசி வரி மட்டும் ரத்தச் சிவப்பு. "இவங்க யாருடா?" என்று கேட்டேன். "அது ஆயுள் சோதனை டீம்மா. நாலு பேர். ஒரு பார்ட்ட சூடான சேம்பர்ல மாசக்கணக்குல வெச்சு, எவ்ளோ நாள் தாங்குதுன்னு பாக்கறவங்க. மூணு மாசத்துல அந்த சேம்பர் கதவ அஞ்சே தடவதான் தொறந்திருக்காங்க. எல்லாம் கதவுல கார்டு தேச்ச டேட்டா, யாரும் டபாய்க்க முடியாது. இந்த டீமக் கலைச்சிடலாம்னு வியாழக்கிழமை புனேல சொல்லப்போறேன்" என்றாய். என் கையில் அப்பளத் தட்டு இருந்தது. நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "நல்லாருக்குடா" என்றேன். சொல்லிவிட்டு, தட்டு நிறைய அப்பளம் இருக்கும்போதே, இன்னும் இரண்டு பொரிக்கிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டேன். எண்ணெய் காயும்வரை அங்கேயே நின்றேன். அந்தச் சிவப்பு வரியை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன் கண்ணா. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அதை எழுதியதே நான்தான்.

நான் ரப்பர் ஹோஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். லாரி, பஸ் என்ஜின்களில் சுடுதண்ணீர் ஓடுகிற கறுப்புக் குழாய்கள். அதற்குமேல் நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எங்கள் லேபில் ஒன்பது பேர். நீ பத்தாவது படித்த வருஷம் என்னை அதற்கு இன்சார்ஜ் ஆக்கினார்கள். அந்தக் கம்பெனியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். முதல் மாதமே முதலாளி கூப்பிட்டு, "லேப்ல அப்படி என்னதான் பண்றீங்க? எனக்கு ஒரே ஒரு பக்கத்துல வேணும். யார் என்ன பண்றாங்க, கம்பெனிக்கு என்ன புண்ணியம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆராய்ச்சி என்ற பேரில் தினசரிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆட்களும் எங்கள் லேபில் இருந்தார்கள். அளக்கக் கூடாது என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எதை வைத்து அளப்பது என்பதில்தான் நான் விழுந்தேன்.

லேபில் நான்கு ஓவன்கள் இருந்தன. சமையலுக்கான ஓவன் இல்லை, ரப்பர் துண்டுகளைத் தொங்கவிட்டு நூறு டிகிரியில் வாரக்கணக்காக வைக்கிற பெட்டிகள். ரப்பருக்கு வயதாகும்போது என்ன ஆகும் என்று ஆறு வாரத்தில் தெரிந்துகொள்கிற வழி அது. ஒவ்வொரு ஓவனிலும் ஒரு நோட்டு, சணல் கயிற்றில் பேனாவோடு தொங்கும். கதவைத் திறந்தால் நேரத்தையும் பேரையும் எழுத வேண்டும். முதலாளி கேட்ட ஒரு பக்கத்துக்கு என்ன போடுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அந்த நோட்டுகள் கண்ணில் பட்டன. எண்ணுவது எவ்வளவு சுலபம். யார் எத்தனை முறை ஓவனைப் பயன்படுத்தினார்கள் என்று எண்ணினேன். புதிதாக எத்தனை கலவை செய்தார்கள், எத்தனை தேறியது, அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு மூன்று கட்டம். பக்கம் அழகாக வந்தது. ஒன்பது பேரில் கடைசி வரி சீனு சார்.

சீனு சார் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நடையும் மெதுவு, பேச்சும் மெதுவு. ஒரு டீயை முக்கால் மணி நேரம் குடிப்பார், நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்வோம். மூன்றாம் நம்பர் ஓவன் அவருடையது. ஆறு வாரத்துக்கு அவர் நோட்டில் இரண்டே வரி இருக்கும், துண்டை வைத்த அன்று ஒன்று, எடுத்த அன்று ஒன்று. அதுவும் முக்கால்வாசி நேரம் அவர் கொண்டுவருகிற முடிவு "இது வேண்டாம்" என்பதுதான். அவர் கையால் தேறிய கலவை என்று என் தாளில் எழுத ஒன்றுமே இல்லை. கூப்பிட்டுக் கேட்டேன், கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டேன். "சார், உங்க ஓவன் நோட்டுல ஒண்ணுமே காணோமே?" அவர் கோபப்படவில்லை. "மேடம், அதத் தொறக்காம இருக்கறதுதான் என் வேலை" என்றார். கொஞ்சம் யோசித்து, "நான் நிறுத்தி வெச்சதையெல்லாம் இதுல எங்க எழுதுவீங்க?" என்று கேட்டார். என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. சோம்பேறிக்கு வாய்ப்பேச்சு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அவரைக் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில், வருகிற சரக்கை எண்ணிப் பார்க்கிற அறைக்கு மாற்றினார்கள். மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் உன் அம்மா.

அப்புறம் நடந்ததைக் கேள். கதவைத் திறந்தால் மார்க் என்று தெரிந்ததும் லேபே சுறுசுறுப்பாகிவிட்டது. மூன்றாம் நம்பர் ஓவனை இரண்டு இளம் கெமிஸ்டுகள் எடுத்துக்கொண்டார்கள், கெட்டிக்காரர்கள்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. காலையில் வந்ததும் திறந்து ஒரு துண்டை வளைத்துப் பார்ப்பார்கள், நோட்டில் எழுதுவார்கள். டீக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. அடுத்த ஷிஃப்டிலும் அதே கதை. ஒரு நாளைக்கு எட்டு முறையாவது கதவு திறந்தது. நோட்டு பக்கம் பக்கமாக நிறைந்தது. முதலாளி என் தாளைப் பார்த்துவிட்டு, "இப்பதான் லேப் மாதிரி இருக்கு" என்றார். அந்த வருஷம் எனக்கு டெபுடி மேனேஜர் பதவி வந்தது. நம் காலனியில் எல்லா வீட்டுக்கும் மைசூர்பாகு கொடுத்தோமே, நீதான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

யாரும் டபாய்க்க முடியாது என்கிறாயே, அதை நீ சொல்லலாமா? அதே வருஷம் நம் வீட்டு பீரோ கதவில் உனக்கு ஒரு அட்டவணை ஒட்டியிருந்தேன், தினம் எத்தனை மணி நேரம் படித்தாய் என்று நீயே எழுத வேண்டும். மூன்று, மூன்றரை என்று முத்து முத்தாக எழுதினாய். பூகோளப் புத்தகத்துக்குள் கிரிக்கெட் பத்திரிகை இருந்தது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? தெரியும். ஆனால் அட்டவணை அழகாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் மணி நேரத்தைக் கேட்டேன், நீ மணி நேரத்தைக் கொடுத்தாய்.

அந்த சமயத்தில்தான் லேபில் ஒரு புதுக் கலவை தயாரானது. ரப்பர் சீக்கிரம் கெடாமல் இருக்கப் போடுகிற ஒரு மருந்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்த கலவை. மூன்றாம் நம்பர் ஓவனில் ஆறு வாரம் இருந்து, ஒரு கீறல் இல்லாமல் தேறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பம்மலில் ஒரு தகரக் கொட்டகையில் முனுசாமி அண்ணா எங்களுக்கு ரப்பர் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் இன்னும் மூன்று பேரும், ரப்பரை உருட்டிக் கலக்குகிற ஒரு பழைய மில் மெஷினும். நாங்கள் எழுதிக் கொடுக்கிற சீட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே கலப்பார், ஒரு நிமிஷம் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். புதுச் சீட்டைக் கொடுத்தோம். அந்த ரப்பரில் செய்த குழாய்கள் விற்பனைக்குப் போயின. அடுத்த கத்திரி வெயிலில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்றைக் கையில் எடுத்து வளைத்தேன், பித்தவெடிப்பு மாதிரி நீள நீளமாகப் பிளந்திருந்தது. நடுவழியில் சுடுதண்ணீர் கொட்டி வண்டிகள் நின்றிருக்கின்றன. நல்ல காலம், யாருக்கும் காயம் இல்லை.

திரும்பி வந்த குழாய்களைக் கேட்டில் எண்ணி வாங்கியவர் யார் என்று நினைக்கிறாய்? சீனு சார்தான். மறுநாள் லேபுக்கு வந்து மூன்றாம் நம்பர் நோட்டைக் கேட்டார். பின் அட்டையில் பென்சிலால் கணக்குப் போட்டார். "ஒரு தடவ தொறந்தா, திரும்பச் சூடு ஏற அரை மணி ஆகும் மேடம். நாளைக்கு எட்டு தடவன்னா நாலு மணி நேரம். ஆறு வாரத்துல ஒரு முழு வாரம் காணாமப் போயிருக்கு. இது ஆறு வாரம் வேகல, அஞ்சு வாரந்தான் வெந்திருக்கு." நான் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவர்கள் அந்த இளம் கெமிஸ்டுகள், திறக்க வைத்தது நான் எழுதிய அந்த ஒரு பக்கம். "இத யார்கிட்டயும் சொல்லாதீங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். இரண்டு நாள் கழித்து மீட்டிங். முதலாளி, விற்பனை ஆட்கள், எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு பொம்பளைய அங்க உக்கார வெச்சா இப்படித்தான் என்று யாரோ சொல்லப்போகிறார்கள், இதோ சொல்லப்போகிறார்கள் என்று எனக்குக் காதெல்லாம் அடைத்தது. "லேப்ல தேறின கலவை சார். கலக்கற எடத்துலதான் ஏதோ கோளாறு" என்றேன். ஒரே வாக்கியம். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது, ஏனென்றால் குற்றம் அந்த அறைக்கு வெளியே போய்விட்டது. முனுசாமி அண்ணாவைக் கூப்பிட்டார்கள். சட்டைப் பொத்தானை அவசரமாகப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "இன்னா மேடம், நீங்க எய்தினபடிதானே கலந்தேன். என் ரப்பர்ல இன்னா கோளாறு கீது, சொல்லுங்க, சரி பண்ணிட்றேன்" என்று என்னைப் பார்த்துதான் கேட்டார். நான் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினேன். அந்த வாரமே அவரோடு வேலையை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் கொட்டகையை மூடிவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால்கூட, பயத்தில் வாய் தவறிவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். ஆறு வாரம் கழித்து சீனு சார் மறுபடி வந்தார். உள்ளங்கையில் இரண்டு ரப்பர் துண்டுகள், இரண்டும் வெடித்திருந்தன. அதே சீட்டின்படி எங்கள் லேபின் சின்ன மில்லில் அவரே கலந்து, ஓவன் கதவுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார். "அஞ்சு வாரம் தாங்கினது, ஆறு வாரம் முழுசா வெந்ததும் வெடிச்சிருக்கு. நானே கலந்தது மேடம், முனுசாமி கை படல" என்றார். இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அந்தத் துண்டுகளை நான் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். கலவையைப் பழையபடி மாற்றினேன், ஓவன் எண்ணுவதையும் நிறுத்தினேன். பம்மலுக்கு மட்டும் போகவில்லை. சீனு சார் அந்த வாசல் அறையிலிருந்தே ரிட்டையர் ஆனார்.

போன மாதம் மிக்ஸி ரிப்பேருக்காகப் பம்மல் போயிருந்தேன். ஆதார் நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏறினால், உள்ளே ஸ்டூலில் முனுசாமி அண்ணா. அவர் மகள் நடத்துகிற கடையாம். அவருக்கு என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். "அம்மா, இவங்கதான் நம்ம ஹோஸ் கம்பெனி மேடம். டீ சொல்லு" என்று மகளிடம் சொன்னார். உன்னைப் பற்றி விசாரித்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கணும் மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த லாட்ல நான் எங்க கோட்ட வுட்டேன்னு இன்னிக்கி வரிக்கும் தெர்ல. மில்ல ரெண்டு நிமிசம் கம்மியா ஓட்டிட்டேனோன்னு நெனச்சிக்கினே இருப்பேன். வூட்ல கேட்டா, இன்னும் அத்தயே பேசிகினு கீறியான்னு திட்டுவாங்க. பேஜாரா பூடும்" என்றார். பதினெட்டு வருஷமாக அந்த மனுஷர் தன் கையில் தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது என் பீரோவில் இருக்கிறது. "தெரியலையே அண்ணா" என்று சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். வெட்கம் கெட்டவள் உன் அம்மா.

இதற்கு மேல் உனக்கு என்ன புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அளந்துவிட்டுப் போ, அது உன் தொழில். ஆனால் அந்த நாலு பேரோடும் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசினாயா? ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நீங்கள் எதையெல்லாம் வேண்டாம் என்று நிறுத்தினீர்கள் என்று கேள். நிறுத்தாமல் விட்ட பொருள்களில் இரண்டு வருஷம் கழித்து எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று விற்பனை ஆட்களிடம் கேள். ஆராய்ச்சியின் பலன் இந்த மூன்று மாதத் தாளில் வராது, பாதி பலன் நடக்காமல் போனதில்தான் இருக்கும், அதை எழுத உன் தாளில் ஒரு இடமாவது விடு. நீ எண்ணுவது எதுவோ அதை எல்லோரும் நாளையிலிருந்து கூட்டிக் கொடுப்பார்கள். அப்படிக் கூட்டினால் எது கெட்டுப்போகும் என்று முதலில் யோசி. ஒருவேளை அந்த நாலு பேரும் நிஜமாகவே சும்மா இருப்பவர்களாக இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? விசாரித்த பிறகு சிவப்பு போட்டால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். "கடைசி நேரத்துல மாத்தினா என்ன நெனப்பாங்க" என்று உனக்குப் பயம் வரும். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் கண்ணா, அதனால்தான் எனக்கு உன்னை நினைத்து இவ்வளவு பதற்றம். பயத்தில் சொல்கிற ஒரு வாக்கியம் நம்மை விட்டுப் போகாது.

உறைக்குள் கையை விட்டுப் பார், ஒரு கறுப்பு ரப்பர் துண்டு இருக்கும். சீனு சார் கொடுத்த இரண்டில் ஒன்று. அழுத்தி வளைக்காதே, உடைந்துவிடும். அப்பாவுக்கு இந்தக் கதை தெரியாது. நீ படித்து முடித்ததும் அவரிடமும் கொடு, நேரில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இன்னொரு துண்டு என் கைப்பையில் இருக்கிறது. வியாழக்கிழமை பத்து மணிக்கு நீ புனேவில் எழுந்து நிற்கும்போது நான் பம்மலில் அந்த ஜெராக்ஸ் கடையில் நிற்பேன். அவர் திட்டலாம், அவர் மகள் என்னை வெளியே போகச் சொல்லலாம், இல்லை, அவர் அழலாம். எதுவானாலும் நின்று வாங்கிக்கொள்ளத்தான் போகிறேன். "நீங்க ரெண்டு நிமிஷம் கம்மியா ஓட்டல அண்ணா, சரியாத்தான் ஓட்டினீங்க." இதைச் சொல்ல எனக்குப் பதினெட்டு வருஷம் பிடித்திருக்கிறது. உனக்கு வியாழக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

அம்மா